நாலு கம்பி போதும் பாப்பா

"லிங்க் இஸ் அப், 1 ஜிபிபிஎஸ், ஃபுல்."

லினக்ஸ் கெர்னல் லாக்கில் வந்த இந்த ஒரு வரியை நம்பி ஒரு பெரிய மனுஷரை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தினேன். ரூம்மேட்டோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். ஒரு படிப்பகத்தை ஒன்பது நாள் இருட்டில் போட்டேன். நெட்வொர்க் லேபில் "ஆட்டோ நெகோஷியேஷன் என்றால் என்ன?" என்று இரண்டு மார்க் கேள்விக்கு நான் எழுதிய பதிலுக்கு முழு மார்க் வாங்கியவள் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் திருச்சியிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பெரம்பலூர் தாண்டியதும் தூங்காமல் இருந்திருந்தால் எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். ரஞ்சன்குடி. ஊரைப் பார்த்திருக்க மாட்டீர்கள், கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், உள்ளே ஒரு மசூதி, பாழடைந்த அரண்மனை, பாதாள அறை எல்லாம் உண்டு. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். சின்ன வயதில் எங்களுக்கு அது கோட்டை இல்லை, ஒளிஞ்சு பிடிச்சு விளையாடும் மைதானம்.

அந்தக் கோட்டைக்குப் பக்கத்து ஊரில்தான் படிப்பகம். பழைய கட்டடம் ஒன்றை ஊர்ப் பையன்கள் காசு போட்டு வெள்ளையடித்து, டிஎன்பிஎஸ்சி படிப்பவர்களுக்காக நடத்துகிறார்கள். அரசு கொடுத்த இலவச லேப்டாப் எட்டு, ஒரு வைஃபை ரூட்டர், ரெண்டு பெஞ்ச், ஒரு மின்விசிறி. பழைய கேள்வித்தாள், சமச்சீர் பாடப்புத்தகம், வகுப்பு வீடியோக்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். இன்டர்நெட் வேண்டாம், ரூட்டரோடு சேர்ந்தால் போதும். அந்தக் கம்ப்யூட்டர் படிப்பகத்தில் இல்லை. எதிரே கேபிள் டிவி அண்ணன் கடையில் இருந்தது, அங்கேதான் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதால். கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி ஒரு நெட்வொர்க் கேபிள். நாற்பது மீட்டர் இருக்கும். அண்ணன் போட்டது, காசு வாங்காமல்.

ரெண்டு வருஷம் ஓடிய அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அப்பா போனில் சொன்னபோது நானும் என் ரூம்மேட்டும் (ஜெயங்கொண்டத்துக்காரி, பேர் போடாதே என்று சொல்லிவிட்டாள்) ஆறாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு என்ன செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தோம். கை அகல ஏஆர்எம் போர்டு ஒன்று, ஒரு எஸ்எஸ்டி, லினக்ஸ். கரண்ட் மிச்சம், சத்தம் இல்லை, கிகாபிட் போர்ட் வேறு. ஹாஸ்டலில் ஒரு மீட்டர் கேபிளில் போட்டுப் பார்த்தோம். பறந்தது. சனிக்கிழமை பஸ் ஏறினோம்.

கடையில் வைத்து, கேபிளைச் செருகி, ஆன் பண்ணினோம். எதிரே ரூட்டரில் விளக்கு எரிந்தது. லாக்கில் மேலே சொன்ன வரி வந்தது. பிங் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. ஐபி மாற்றினேன், ரூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ஒவ்வொரு முறையும் லிங்க் அப், 1 ஜிபிபிஎஸ், ஃபுல். ஒரு பாக்கெட் கூடப் போகவில்லை. படிப்பகத்திலிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரூப் 4 தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்போதுதான் கேபிள் முனையை உற்றுப் பார்த்தேன். எட்டுக் கம்பியில் நாலுதான் பிளக்குக்குள் போயிருந்தது. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பிரவுனும் வெளியே பிரிந்து வேறு எங்கோ போயின. படிப்பக வாசலில் சைக்கிள் திருடு போனதால் அண்ணன் ஒரு வைஃபை கேமரா வைத்திருந்தார். அதற்கு 12 வோல்ட் கரண்ட் கடையிலிருந்து போகிறது, எங்கள் நீலத்திலும் பிரவுனிலும்.

"நாலு கம்பி போதும் பாப்பா. ரெண்டு வருஷமா ஓடிச்சுல்ல" என்றார்.

"உங்களுக்குக் கேபிள் போடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்கண்ணே. இதுல படிக்கிறவங்க வாழ்க்கை இருக்கு" என்றேன்.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை, டெஸ்டரைச் சட்டைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு அந்தக் கேபிளுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள், கடினம் இல்லை.

ரெண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்தால், தரவு அனுப்பும் முன்பு அவை ஒன்றுக்கொன்று சின்னச் சின்னத் துடிப்புகளை அனுப்புகின்றன. சுமார் 16 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஒரு கொத்து. அதில் 17 கடிகாரத் துடிப்பு, நடுவே 16 தரவு இடங்கள். "எனக்கு 10 தெரியும், 100 தெரியும், 1000 தெரியும்" என்று அந்த 16 பிட்டில் (கிகாபிட்டுக்குக் கூடுதல் பக்கங்களில்) சொல்வதுதான் ஆட்டோ நெகோஷியேஷன். 1995-ல் ஃபாஸ்ட் ஈத்தர்நெட்டோடு ஐஇஇஇ தரத்துக்குள் வந்தது. இருவருக்கும் தெரிந்ததில் பெரியதை எடுத்துக்கொள்வார்கள். கல்யாணப் பேச்சு மாதிரி, ரெண்டு வீட்டுக்கும் சம்மதமான பெரிய தொகை.

இந்தப் பேச்சு நடப்பது ரெண்டே ஜோடிக் கம்பியில், ஆரஞ்சிலும் பச்சையிலும். பத்து, நூறு மெகாபிட்டுக்கும் அந்த ரெண்டு ஜோடியே போதும். ஆனால் 1999-ல் வந்த கிகாபிட் தரத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் 250 மெகாபிட், ரெண்டு திசையிலும் ஒரே நேரத்தில். ஆக, நாலு கம்பி மட்டும் உள்ள கேபிளில் என்ன ஆகும்? ரெண்டு பக்கமும் பேசி "1000" என்று கைகுலுக்கிவிடும். பிறகு நீலத்தையும் பிரவுனையும் தேடும், கிடைக்காது. மறுபடி பேச்சு, மறுபடி 1000, மறுபடி தோல்வி. இப்படிக் காலம் முழுக்கச் சுற்றாமல் இருக்க, பல சிப்கள் சில முறை முயன்றுவிட்டுத் தானாக 100-க்கு இறங்கிவிடும். டவுன்ஷிஃப்ட் என்று பேர்.

எங்கள் போர்டிலும் சிப் ஒழுங்காகத்தான் இறங்கியது. யாருக்கும் சொல்லாமல் இறங்கியது, அதுதான் பிரச்சனை.

லினக்ஸில் இதைப் பார்த்துக்கொள்வது பிஎச்ஒய் லைப்ரரி. கேபிளோடு பேசும் சிப் பிஎச்ஒய், அதற்குப் பின்னால் பாக்கெட்டைக் கட்டி அனுப்பும் பகுதி மேக். ஒரு சிப்புக்குத் தனி டிரைவர் இல்லையென்றால் பொது டிரைவர் வேலை செய்யும். அந்தப் பொது டிரைவர் வேகத்தை அளப்பதில்லை. நான் என்ன விளம்பரப்படுத்தினேன், எதிராளி என்ன விளம்பரப்படுத்தினான் என்ற ரெண்டு ரெஜிஸ்டர்களையும் படித்து, பொதுவானதில் பெரியதை எடுத்து "இதுதான் வேகம்" என்று கணக்குப் போடும். பேச்சில் முடிவானது எதுவோ அதுவே நடப்பதாக அதன் நினைப்பு. எனவே பிஎச்ஒய் 100-ல் ஓட, லினக்ஸ் மேக்கிடம் "1000-ல் அனுப்பு" என்றது. எங்கள் போர்டில் இந்த ரெண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு 1000-க்கு 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலும் 100-க்கு 25-லும் ஓடுவது. ஒருவர் 125-ல் பேச மற்றவர் 25-ல் கேட்டால் என்ன விளங்கும்? லிங்க் இருக்கிறது, பாக்கெட் இல்லை.

பேச்சுவார்த்தை என்றதும் எங்கள் கோட்டை ஞாபகம் வருகிறது. 1751-ல் சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களும், முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்களும் இங்கே வந்து மோதினார்கள். பழைய ஆங்கிலப் பதிவுகளில் வால்கொண்டா சண்டை என்று வரும். சண்டைக்கு முன் ரெண்டு தரப்பும் கோட்டைத் தலைவரைத் தங்கள் பக்கம் இழுக்க நாள் கணக்கில் பேசிப் பார்த்தன. பேச்சு நடந்ததே தவிரக் கதவு திறக்கவில்லை. பொது டிரைவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருந்தால் "கோட்டை நம்முடையது, ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று லாக் எழுதியிருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். இதெல்லாம் அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்தார். என்னிடம் பேசவில்லை. "பாப்பாகிட்ட சொல்லுங்க. அந்தப் பொட்டில கேபிள் சொருகுற இடத்துல வெளக்கு ஆரஞ்சா எரியுது. எங்கிட்ட இருக்கிற இன்னொரு மெஷின்ல எட்டுக் கம்பி கேபிள் போட்டா பச்சையா எரியும். நாலு கம்பி போட்டா ஆரஞ்சா எரியும். எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்."

அந்த விளக்கை பிஎச்ஒய் சிப்பே நேரடியாக ஏற்றுகிறது. லினக்ஸ் அதில் தலையிடவே இல்லை. நான் ஸ்க்ரீனில் தேடிக்கொண்டிருந்ததை அவர் விளக்கில் பார்த்துவிட்டார். நாலு கம்பியில் இந்தப் பொட்டியும் 100-ல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்போதே ரூம்மேட் சொன்னாள்: "எத்டூல்ல ஒரே ஒரு கமாண்டு டீ. 1000-ஐ விளம்பரப்படுத்தாதேன்னு சொல்லிடலாம். ரெண்டு பக்கமும் 100-னு பேசும், 100-ல ஓடும், லினக்ஸும் 100-னே கணக்குப் போடும். பூட் ஆகும்போது தானா ஓடுற மாதிரி எழுதி வெச்சுட்டுப் பஸ் ஏறலாம்."

நான் மறுத்துவிட்டேன். அது ஒட்டுப் போடுவது, சரி செய்வது இல்லை. டிரைவரில் பொய் இருக்கிறது, பொய்யைத் திருத்தாமல் பொய் வெளியே தெரியாமல் மூடுகிறோம். நாளைக்கே நல்ல கேபிள் போட்டால் அப்போதும் 100-லேயே ஓடும், யாருக்கும் காரணம் தெரியாது. இப்படியெல்லாம் பேசினேன். பொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன், டீபக் செய்ய வேண்டும் என்று. படிப்பகத்தில் இருந்த ரூட்டர் எதனோடும் சேராமல் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தது.

திங்கள் முதல் சனி வரை எங்கள் ரூமில் நடந்ததை அடுத்த ரூம்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு கேபிளில் நீலத்தையும் பிரவுனையும் வெட்டிவிட்டு அதே பிரச்சனையை மேஜை மேல் வரவழைத்தோம். அதுவரை நல்லது. முதலில் நான் எழுதிய பேட்ச், பிஎச்ஒய்யின் ஜீரோவாவது ரெஜிஸ்டரைப் படித்தது. அதில் வேகத்துக்கு ரெண்டு பிட் உண்டு. படித்து, வந்த மதிப்பைப் போட்டேன். ரூம்மேட் தரநூலைத் திறந்து காட்டினாள். ஆட்டோ நெகோஷியேஷன் நடக்கும்போது அந்த ரெண்டு பிட்டுக்கு அர்த்தமே கிடையாது. கையால் வேகத்தை நிறுத்தும்போது மட்டுமே அவை செல்லும். "உன் சரியான தீர்வு இதுவா டீ?" என்றாள். அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

அடுத்த யோசனை, ஆட்டோ நெகோஷியேஷனையே அணைத்துவிட்டு 100 ஃபுல் என்று கட்டாயப்படுத்துவது. இதை யாரும் செய்யாதீர்கள், இணையத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பக்கம் பேசாவிட்டால் எதிர்ப் பக்கம் சிக்னலைப் பார்த்து வேகத்தை மட்டும் ஊகித்துவிடும். டூப்ளெக்ஸை ஊகிக்க வழியில்லை, தரநூல்படி ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் ஃபுல், அந்தப் பக்கம் ஹாஃப். பிங் போகும், வெப் பக்கம் திறக்கும், வீடியோ போட்டால் மூச்சு வாங்கும். முழுசாகச் செத்துப்போன லிங்க்கை விட இது கொடுமை. இதில் மட்டும் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

அப்புறம்தான் சிப்பின் டேட்டாஷீட்டை ஒழுங்காகப் படித்தேன். பல பிஎச்ஒய் சிப்களில் தரநூலுக்கு வெளியே, தயாரிப்பாளரின் சொந்த நிலை ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். பேச்சில் என்ன முடிவானது என்பதல்ல, இந்த நிமிஷம் எதில் ஓடுகிறது என்பது அதில் இருக்கும். எங்கள் சிப்பில் 17-வது ரெஜிஸ்டர், மேலே ரெண்டு பிட்: 10 என்றால் ஆயிரம், 01 என்றால் நூறு, 00 என்றால் பத்து. பொது டிரைவரின் கணக்கு முடிந்ததும் இதைப் படித்து, வேகத்தை இதன்படி மாற்றும் குட்டி டிரைவர் ஒன்று எழுதினேன். முப்பது வரி கூட இல்லை. வியாழன் ராத்திரி பிங் போனது. கட்டில் மேல் ஏறி நின்று கத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை பூட் செய்தால் வேகம் 10 என்று வந்தது. மறுபடி பூட் செய்தால் 100. பத்து முறையில் ஒன்றோ ரெண்டோ முறை 10. காரணம், அதே ரெஜிஸ்டரில் "வேகம் முடிவாகிவிட்டது" என்று சொல்ல 11-வது பிட் ஒன்று தனியாக இருக்கிறது. அது ஏறும் முன்பு மேல் பிட்டுகளைப் படித்தால் 00 வரும், 00 என்றால் பத்து. நானே பொது டிரைவர் செய்த தப்பைத் திருப்பிச் செய்திருக்கிறேன். தெரியாது என்பதையும் பத்து என்பதையும் ஒன்றாகப் படித்திருக்கிறேன்.

"தெரியாது" என்பதைக் கணினியில் எழுதுவது லேசில்லை. லினக்ஸில் வேகம் தெரியாவிட்டால் மைனஸ் ஒன்று. ஒரு காலத்தில் அந்த எண்ணுக்கு 16 பிட் இடம்தான், குறி கிடையாது. மைனஸ் ஒன்றை அதில் போட்டால் 65535. கேபிள் செருகாத போர்ட்டுக்கு "65535 எம்பிபிஎஸ்" என்று காட்டிய கருவிகள் உண்டு. இடத்தை 32 பிட்டாக ஆக்கிய பிறகு அதே "தெரியாது" 4294967295 ஆனது. எங்கள் தெருவில் ஒருவரிடம் வழி கேட்டால் தெரியாது என்று சொல்லாமல் நேராகக் கொல்லிமலைக்கு வழி சொல்வார், அந்த மாதிரி.

நாங்கள் அடித்துக்கொண்டது எங்கள் சொந்தப் பிரச்சனை என்று நினைத்திருந்தேன். இல்லை. 2019 அக்டோபரில் லினக்ஸ் 5.4 தயாராகிக்கொண்டிருந்தபோது இதே விஷயம் கெர்னல்காரர்களிடமே வந்தது. க்யூபாக்ஸ் என்ற சின்னக் கம்ப்யூட்டரில், ஏஆர் 8035 என்ற பிஎச்ஒய் வேகத்தை இறக்கும் நிலையில் நெட்வொர்க் நின்றுவிட்டது. பழைய கெர்னலில் ஓடியது, புதியதில் ஓடவில்லை. காரணம் சுவாரசியமானது. அந்தச் சிப் கீழே இறங்கும்போது தன் விளம்பர ரெஜிஸ்டரிலிருந்து 1000-ஐத் தானே அழித்துவிடும். பழைய கோடு ஒவ்வொரு முறையும் அந்த ரெஜிஸ்டரை நேரில் படித்ததால், தற்செயலாகச் சரியான விடை வந்துகொண்டிருந்தது. கோடைச் சுத்தப்படுத்தியபோது, சிப்பைக் கேட்பதற்குப் பதில் மென்பொருள் தன் நினைவில் வைத்திருந்த நகலைப் பயன்படுத்தியது. நகலில் 1000 அழியவில்லை. ரஸ்ஸல் கிங் கொடுத்த பேட்ச்கள், அந்தச் சிப்பின் சொந்த நிலை ரெஜிஸ்டரைப் படித்து, உண்மையில் எதில் ஓடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் செய்தன. அடுத்து 2020-ல் வந்த 5.7-ல், பேச்சில் முடிவான வேகமும் ஓடும் வேகமும் வேறாக இருந்தால் ஒரு எச்சரிக்கை வரி எழுதும் வசதியையும் சேர்த்தார்கள். "டவுன்ஷிஃப்ட் நடந்திருக்கிறது, கேபிளைப் பாருங்கள்" என்கிற பொருளில். எங்கள் போர்டுக்காரர்கள் கொடுத்த கெர்னல் 4.9. அதில் இது எதுவும் கிடையாது. எங்கள் சிப்போ இறங்கும்போது எதையும் அழிக்காத வகை.

இதைப் படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தியா, உலகமே என் பக்கம் என்று ரூம்மேட்டிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "அங்க அவங்க பேசி முடிக்கிற வரைக்கும், அந்தக் க்யூபாக்ஸ் வெச்சிருந்த ஆள் என்ன பண்ணியிருப்பான்?"

"பழைய கெர்னலுக்குப் போயிருப்பான்."

"நம்ம படிப்பகத்துக்குப் பழைய கெர்னல் எது டீ?"

பதில் சொல்லாமல் 11-வது பிட்டைச் சோதிக்கும் வரியைச் சேர்க்கப் போய்விட்டேன். சனிக்கிழமை இரவு ரெண்டு மணி வரை பூட், ரீபூட், பூட். சில நேரம் சரி, சில நேரம் லிங்க் வந்த செய்தியே தாமதம்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது மணி பத்து. மேஜையில் பொட்டி இல்லை. ரூம்மேட்டும் இல்லை. போன் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு ஒரு போட்டோ அனுப்பினாள்.

ஒரு நோட்டு. கோடு போட்ட ரஃப் நோட்டு. நீல மையில் குனிந்த எழுத்தில் கேள்விகள், நாலு விடைகளோடு, பக்கம் பக்கமாக. படிப்பகத்துக்கு ஒரு அக்கா வருவார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து மத்தியானம் வரை படித்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது தடவை எழுதுகிறார்கள். பொட்டி இல்லாத ஒன்பது நாளும் யாரோ ஒரு பையனின் போனில் இருந்த கேள்வித்தாளைக் கையால் எழுதி எடுத்திருக்கிறார்கள், அந்தப் பையன் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான் என்பதால். போட்டோவின் கீழே ரூம்மேட் எழுதியிருந்தது: "கமாண்டு போட்டாச்சு. 100-ல ஓடுது. எட்டு லேப்டாப்லயும் வீடியோ வருது. உன் பேட்ச் தப்புன்னு சொல்லல. அது தேர்வுக்கு அப்புறம்."

ரொம்பக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் எடுத்துப் போனாள் என்று. சாயந்திரம் அவள் வந்தபோது கதவைத் திறந்துவிட்டேன், பேசவில்லை. ஏழு மணிக்கு மெஸ்ஸுக்குப் போகும் வழியில் "அந்த அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. ஹெட்ஃபோன் இருக்கான்னு கேட்டாங்க" என்றாள்.

அடுத்த ரெண்டு வாரத்தில் பேட்சை முடித்தேன். முடிவாகாத நேரத்தில் வேகம் "தெரியாது" என்றே இருக்கும், லிங்க் இன்னும் வரவில்லை என்றே மேலே சொல்லும், 11-வது பிட் ஏறிய பிறகே எண் போகும். ரூம்மேட் நூறு முறை பூட் செய்யும் ஸ்க்ரிப்ட் எழுதினாள். கேபிளை நடுவில் பிடுங்கி, எட்டுக் கம்பிக்கு மாற்றி, மறுபடி நாலு கம்பிக்கு மாற்றி எல்லாம் பார்த்தோம். ஒரு தடவை கூடத் தப்பவில்லை. ரிவ்யூவில் "இது எதுக்கு, ஒரு கமாண்டு போட்டா போதுமே" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் ரூம்மேட்டே பதில் சொன்னாள். ஒரு ஊருக்கு ஒரு கமாண்டு போதும், இந்தப் போர்டு வாங்குகிற எல்லாருக்கும் போதாது என்றாள். லிங்க் வேகத்தை வைத்து வேறு முடிவுகளும் எடுக்கப்படுகின்றன என்பதையும் சொன்னாள். எங்கள் 4.9 கெர்னலின் லினக்ஸ் பிரிட்ஜில் எந்தப் பாதையைத் திறப்பது, எதை அடைப்பது என்ற கணக்கில் 100-க்கு விலை 19, 1000-க்கு 4. பொய்யாக 1000 என்று சொல்லும் லிங்க், உண்மையான கிகாபிட் லிங்க்கோடு சமமாகப் போட்டி போடும். எனக்கு இந்த உதாரணம் தோன்றவே இல்லை.

தேர்வு முடிந்த அடுத்த சனிக்கிழமை ரஞ்சன்குடிக்குப் போனோம். கமாண்டை எடுத்துவிட்டு டிரைவரைப் போட்டோம். லிங்க் அப், 100 எம்பிபிஎஸ், ஃபுல். ஆரஞ்சு விளக்கு. அண்ணன் கடையில்தான் இருந்தார். நான் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் பேசினது..." என்றதும் "டீ சாப்பிடுறீங்களா?" என்று ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். மூன்று கிளாஸ் வாங்கி வந்தார். குடிக்கும்போது, அந்த நீலம் பிரவுனில் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது, கேமரா ராத்திரியில் அப்பப்ப அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். மல்ட்டிமீட்டர் வைத்து ரெண்டு முனையிலும் பார்த்தோம். அடாப்டர்தான் பழசு.

படிப்பகத்தில் அக்கா இல்லை. தேர்வு நன்றாக எழுதியதாக அப்பா சொன்னார், ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குள் தீரவில்லை. புதிய கெர்னலில் உள்ள அந்த எச்சரிக்கை வரியை நானும் எங்கள் டிரைவரில் சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு பூட்டிலும் வேகம் இறங்கியதைச் சொல்லிவிட்டு, கேபிளைச் சரிபார் என்று எழுதும். ரூம்மேட் அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையை எடுக்கச் சொல்கிறாள். கேபிளில் என்ன தப்பு, நாலு கம்பியில் வேண்டுமென்றே போட்டது, ஓடுகிறது என்கிறாள். நாளைக்கு அந்த லாக்கைப் படிக்கிற இன்னொரு பெண், என்னை மாதிரியே அண்ணன் கடைக்குப் போய்க் கத்துவாளாம். இறங்கியதற்கான காரணத்தைத் தேடுகிறவருக்கு அந்த ரெண்டு வார்த்தைதான் முதல் துப்பு என்பது என் கட்சி. ரெண்டு பேரும் மாற்றி மாற்றி அந்த வரியை எடுத்தும் போட்டும் ஐந்து கமிட் ஆகிவிட்டது. இதை எழுதும்போது வரி உள்ளே இருக்கிறது. அவள் குளித்துவிட்டு வந்ததும் பார்க்க வேண்டும்.